நட்ட நடு வெயிலில் எடுத்த போட்டோவில் முகம் மட்டும் ஏன் இருட்டாக இருக்கிறது? ஆஃப்-கேமரா ஃபிளாஷ் என்ன செய்யும்?

போன வருடம் மே மாதம் அப்பாவும் அம்மாவும் டெல்லிக்கு வந்திருந்தார்கள். ஹுமாயூன் கல்லறைக்குக் கூட்டிப் போனேன். மணி மதியம் ஒன்று. சிவப்புக் கல், வெள்ளைப் பளிங்குக் குவிமாடம், மேலே நீல வானம், முன்னால் அவர்கள் இருவரும். இஎம்ஐ கட்டி வாங்கிய கேமரா கையில். இருபது, முப்பது படம் எடுத்தேன்.

ராத்திரி லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "கட்டடம் நல்லா விழுந்திருக்குடா. நாங்க எங்க?"

அவர் கேட்டது நியாயம். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழி. மூக்கின் நிழல் உதட்டைத் தாண்டி இறங்கியிருந்தது. எடிட்டிங்கில் நிழல் பகுதியை மட்டும் வெளிச்சமாக்கிப் பார்த்தேன். முகம் தெரிந்தது, ஆனால் சாம்பல் பூசியது போல இருந்தது.

உங்கள் போனிலும் கேமராவிலும் இப்படிப் படங்கள் கண்டிப்பாக இருக்கும். வெளிச்சம் போதாததால் வரும் பிரச்சினை இல்லை இது. வெளிச்சம் ஏராளமாக இருக்கிறது, வர வேண்டிய திசையில் இருந்து வரவில்லை, அவ்வளவுதான். பட்டப்பகலில் எதற்கு ஃபிளாஷ் என்ற கேள்விக்கான பதிலும் அங்கேதான் இருக்கிறது.

நம் ஊர் வெயில் கொஞ்சம் வேற மாதிரி

போட்டோகிராபி கற்றுக்கொள்ள யூடியூபைத் திறந்தால் எல்லோரும் ஒரே அறிவுரைதான் சொல்வார்கள்: "கோல்டன் ஹவரில் எடுங்கள்." சூரியன் தாழ்வாக இருக்கும் அந்த நேரத்தில் வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து மென்மையாக வரும். சொல்பவர்களில் பலர் இருப்பது ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ. அந்த அறிவுரை இங்கே எவ்வளவு தூரம் பொருந்தும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். தொழில் புத்தி.

மே மாத நடுவில், உச்சி வேளையில், டெல்லியில் சூரியன் அடிவானத்தில் இருந்து சுமார் 80 டிகிரி உயரத்தில் நிற்கும். அதே நாளில் லண்டனில் 57 டிகிரிதான். டிசம்பர் 21 அன்று லண்டனில் உச்சி வேளைச் சூரியனே 15 டிகிரியைத் தாண்டாது, டெல்லியில் 38, பெங்களூருவில் 54. அதாவது லண்டன்காரருக்குக் குளிர்காலத்தில் நாள் முழுக்கப் பக்கவாட்டு வெளிச்சம். நமக்கு வருடத்தில் பாதி நாள் வெளிச்சம் உச்சந்தலையில் விழுகிறது. புருவ எலும்பு குடை பிடிக்கிறது, கண் நிழலுக்குள் போய்விடுகிறது.

கோல்டன் ஹவர் என்ற பெயரில் இருக்கும் அந்த ஒரு மணி நேரமும் இங்கே கிடையாது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் போகப் போகச் சூரியன் செங்குத்தாக ஏறும், இறங்கும். இரவும் பகலும் சமமாக இருக்கும் மார்ச் மாத நாளில், அடிவானத்தில் இருந்து 6 டிகிரி ஏறப் பெங்களூருவில் சுமார் 25 நிமிடம், டெல்லியில் 27, லண்டனில் 39. நீங்கள் ஆபீஸ் முடிந்து, டிராஃபிக்கைத் தாண்டி, கப்பன் பார்க் போய்ச் சேர்வதற்குள் அந்த 25 நிமிடம் முடிந்திருக்கும்.

ஆக, நல்ல வெளிச்சத்துக்காகக் காத்திருப்பதை விட, நல்ல வெளிச்சத்தைக் கையோடு கொண்டுபோவது நமக்கு இன்னும் தேவையாக இருக்கிறது.

ஒரு படத்துக்குள் இரண்டு எக்ஸ்போஷர்

ஆஃப்-கேமரா ஃபிளாஷ் என்றால் பெயரிலேயே இருப்பதுதான். கேமரா தலையில் இருந்து ஃபிளாஷைக் கழற்றி, ஒரு ஸ்டாண்டில் பக்கவாட்டில் வைத்து, ஒயர்லெஸ் ட்ரிகர் மூலம் சொடுக்குவது. கேமரா மேலேயே வைத்து அடித்தால் வெளிச்சம் நேருக்கு நேர் போகும், முகம் ஆதார் கார்டு படம் மாதிரி தட்டையாகிவிடும். பக்கவாட்டில் 45 டிகிரியில், கண் மட்டத்துக்குச் சற்று மேலே வைத்தால் மூக்கு, கன்னம், தாடை எல்லாம் உருவம் பெறும். கண்ணில் ஒரு சின்ன ஒளிப்புள்ளி விழும்.

இதில் புரிந்துகொள்ள வேண்டிய சங்கதி ஒன்றே ஒன்று. ஃபிளாஷோடு வெளியில் படம் எடுக்கும்போது ஒரே ஃபிரேமுக்குள் இரண்டு தனித்தனி எக்ஸ்போஷர் நடக்கிறது. ஒன்று வெயிலுடையது, இன்னொன்று ஃபிளாஷுடையது.

வெயில் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும் வெளிச்சம். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அவ்வளவு உள்ளே வரும். ஃபிளாஷ் அப்படி இல்லை. நொடியின் மிகச் சிறிய பங்கில் வெடித்து அணைந்துவிடும். ஷட்டர் 1/200 நொடி திறந்திருந்தாலும் 1/50 நொடி திறந்திருந்தாலும் உள்ளே வரும் ஃபிளாஷ் வெளிச்சம் ஏறக்குறைய அதேதான்.

இதனால் என்ன கிடைக்கிறது? ஷட்டர் ஸ்பீடைத் திருகினால் பின்னணி மட்டும் கூடும், குறையும். முகத்தில் விழும் ஃபிளாஷ் மாறாது. ஃபிளாஷின் பவரைத் திருகினால் முகம் மட்டும் மாறும், பின்னணி அப்படியே நிற்கும். அப்பெர்ச்சரும் ஐஎஸ்ஓவும் இரண்டையும் சேர்த்து மாற்றும். வானம் எவ்வளவு அடர் நீலமாக வேண்டும், முகம் எவ்வளவு வெளிச்சமாக வேண்டும் என்பதை இப்படித் தனித்தனியாகத் தீர்மானிக்கலாம். இது கைக்கு வந்துவிட்டால் மீதி எல்லாம் சில்லறை விவரம்.

ஒரே ஒரு தடை இருக்கிறது. அது கொஞ்சம் பெரிய தடை.

1/200 என்ற சுவர்

டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் கேமராக்களில் ஷட்டர் என்பது சென்சாருக்கு முன்னால் ஓடும் இரண்டு திரைகள். முதல் திரை விலகி சென்சாரைத் திறக்கும், இரண்டாவது பின்னாலேயே வந்து மூடும். ஷட்டர் ஸ்பீடு குறைவாக இருந்தால் நடுவில் ஒரு கணம் சென்சார் முழுசாகத் திறந்திருக்கும். அந்தக் கணத்தில் ஃபிளாஷ் வெடித்தால் படம் முழுக்க வெளிச்சம் விழும். ஸ்பீடு ஏற ஏற, முதல் திரை முடிவதற்குள் இரண்டாவது கிளம்பிவிடும். அப்போது சென்சார் முழுசாகத் திறப்பதே இல்லை. ஒரு மெல்லிய இடைவெளிதான் கடந்து போகும். அந்த நேரத்தில் ஃபிளாஷ் வெடித்தால் படத்தில் ஒரு பகுதி கறுப்புப் பட்டையாகிவிடும்.

சென்சார் முழுசாகத் திறக்கும் அதிகபட்ச வேகத்துக்குப் பெயர் சிங்க் ஸ்பீடு. பெரும்பாலான கேமராக்களில் 1/160 முதல் 1/250 வரை. உங்கள் கேமராவின் எண் என்ன என்று மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே 1/200 என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது வெயில் கணக்கு. போட்டோகிராபர்களிடம் 'சன்னி 16' என்று ஒரு பழைய விதி உண்டு. நல்ல வெயிலில், எஃப்/16 அப்பெர்ச்சரில், ஐஎஸ்ஓ 100 என்றால் ஷட்டர் 1/100. இதையே 1/200க்கு மாற்றினால் எஃப்/11. சரி, பின்னணி அழகாகக் கலங்க வேண்டும், எஃப்/2.8 வேண்டும் என்கிறீர்களா? எஃப்/11இல் இருந்து எஃப்/2.8 நான்கு ஸ்டாப் தள்ளி. ஒவ்வொரு ஸ்டாப்பும் இரு மடங்கு என்பதால் 16 மடங்கு வெளிச்சம் கூடுதலாக உள்ளே வரும். சரிக்கட்ட ஷட்டர் 1/3200க்குப் போக வேண்டும். சுவர் 1/200இல் இருக்கிறது.

சுவரைத் தாண்ட வழிகள் உண்டு, எதுவும் இலவசம் இல்லை.

அதிகம் பேர் போவது ஹை ஸ்பீடு சிங்க் வழியில். ஃபிளாஷ் ஒரே வெடிப்பாக வெடிக்காமல், இடைவெளி சென்சாரைக் கடந்து முடிக்கும்வரை படபடவென்று துடித்துக்கொண்டே இருக்கும். ஒலிம்பஸ் 1986லேயே எஃப்280 என்ற ஃபிளாஷில் இதைக் கொண்டுவந்துவிட்டது. இன்று பட்ஜெட் ஃபிளாஷ்களிலும் இருக்கிறது. ஆனால் வெளிச்சத்தின் பெரும்பகுதி மூடிய திரை மேல் விழுந்து வீணாகும். சுமார் இரண்டு ஸ்டாப் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள், கையில் நிற்பது நாலில் ஒரு பங்கு. இன்னொன்று, இந்த முறையில் ஃபிளாஷும் தொடர்ந்து எரியும் விளக்கு மாதிரிதான் நடந்துகொள்ளும். ஷட்டரை ஏற்றினால் முகமும் சேர்ந்து இருட்டாகும். மேலே சொன்ன 'ஷட்டர் பின்னணிக்கு மட்டும்' என்ற விதி இங்கே செல்லாது. பலர் குழம்புவது இந்த இடத்தில்தான்.

என்டி ஃபில்டர் எனக்குப் பிடித்த வழி. லென்ஸுக்கு மாட்டும் கூலிங் கிளாஸ் என்று சொல்லலாம். நான்கு ஸ்டாப் ஃபில்டர் போட்டால் எஃப்/2.8, 1/200இலேயே இருக்கலாம். அந்த இரண்டு ஸ்டாப் இழப்பும் கிடையாது. மலிவான ஃபில்டர் தோலில் ஒரு மஞ்சளையோ பச்சையையோ ஏற்றிவிடும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100 வரிசை போல லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் இருக்கும் கேமராக்களுக்கு இந்தச் சுவர் வெகு தூரத்தில் இருக்கிறது. 2023 நவம்பரில் சோனி அறிவித்த ஏ9 III சுவரையே இடித்துவிட்டது. குளோபல் ஷட்டர் என்பதால் 1/80,000 வரை ஃபிளாஷ் சிங்க் ஆகும். விலையைப் பார்த்துவிட்டு நான் என்டி ஃபில்டருக்கே திரும்பிவிட்டேன்.

ஒரு சின்ன ஃபிளாஷ் சூரியனோடு மோத முடியுமா?

முடியும், கிட்டப் போனால். ஃபிளாஷ் வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 1 மீட்டரில் இருந்து 2 மீட்டருக்குத் தள்ளி வைத்தால் பாதி ஆகாது, நாலில் ஒரு பங்கு ஆகும். திருப்பிப் பாருங்கள்: 2 மீட்டரில் நிற்கும் ஃபிளாஷை 1 மீட்டருக்குக் கொண்டுவருவது, அதே மாதிரி இன்னும் மூன்று ஃபிளாஷ் வாங்கி வைப்பதற்குச் சமம். செலவு ஓர் அடி எடுத்து வைப்பதுதான்.

சூரியன் சுமார் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. உங்கள் நண்பருக்கும் அவர் பின்னால் 50 மீட்டரில் இருக்கும் மரத்துக்கும் அதைப் பொறுத்தவரை ஒரே தூரம். ஃபிளாஷ் முகத்தை மட்டும் தொட்டுவிட்டுப் பின்னணியை விட்டுவிடுவதும், வெயில் எல்லாவற்றையும் ஒரே மாதிரி நனைப்பதும் இதனால்தான்.

ஃபிளாஷ் பெட்டியில் 'கைடு நம்பர் 60' என்று போட்டிருப்பார்கள். அந்த எண்ணை அப்பெர்ச்சரால் வகுத்தால் ஃபிளாஷ் எட்டும் தூரம் மீட்டரில் வரும். எஃப்/11 என்றால் 60 வகுத்தல் 11, ஐந்தரை மீட்டர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 60, ஃபிளாஷ் தலையை 200 எம்எம் வரை ஜூம் செய்து ஒளியைக் குறுக்கினால் கிடைக்கும் எண். சாதாரணமாக விரித்து, முன்னால் ஒரு வெள்ளைக் குடையும் பிடித்தால் கைடு நம்பர் 20க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அப்போது தூரம் 1.8 மீட்டர். ஹை ஸ்பீடு சிங்க் போட்டால் அதிலும் பாதி.

குடை எதற்கு? வெளிச்சம் வரும் பரப்பு பெரிதாக இருந்தால் நிழலின் ஓரம் மென்மையாகும். வெறும் ஃபிளாஷ் ஒரு குட்டிச் சூரியன் மாதிரிதான் கடுமையாக அடிக்கும். குடையோ சாஃப்ட்பாக்ஸோ முகத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு மென்மை.

மொட்டை மாடியில் இரண்டாவது முயற்சி

தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களில் ட்ரைபாட், லைட் ஸ்டாண்ட் எல்லாம் இஷ்டத்துக்கு வைக்க முடியாது, முன் அனுமதி வேண்டும். அதனால் மறுபடி ஹுமாயூன் கல்லறைக்குப் போகவில்லை. ஒரு ஸ்பீட்லைட், ட்ரிகர், ஸ்டாண்ட், வெள்ளைக் குடையோடு எங்கள் மாடிக்கே போனோம். நேரம் வேண்டுமென்றே அதே மதியம் ஒன்று.

வெயில் நேராகக் கண்ணில் அடிக்காதபடி இருவரையும் சூரியனுக்கு முதுகு காட்டி நிற்க வைத்தேன். முதலில் ஃபிளாஷை அணைத்துவிட்டு வானத்துக்கு மட்டும் எக்ஸ்போஷர் வைத்தேன்: ஐஎஸ்ஓ 100, 1/200, எஃப்/11. வானம் சரி, முகங்கள் இருட்டு. நிழலில் இருக்கும் முகம் வெயிலை விடச் சுமார் மூன்று ஸ்டாப் குறைவு, எட்டில் ஒரு பங்கு. அது பரவாயில்லை, முகத்தை ஃபிளாஷ் பார்த்துக்கொள்ளும்.

ஃபிளாஷை முழு பவரில் வைத்து அடித்தேன். அம்மா பளிச். அப்பா மங்கல். பக்கவாட்டில் வைத்ததால் அம்மா குடையில் இருந்து 1.2 மீட்டரிலும் அப்பா 1.8 மீட்டரிலும் நின்றிருக்கிறார்கள். வர்க்கக் கணக்குப்படி அம்மாவுக்கு இரண்டே கால் மடங்கு வெளிச்சம். எழுதும்போது சுலபமாகச் சொல்லிவிட்ட விதி, நேரில் மறந்துபோச்சு. குடையை அம்மாவிடம் இருந்து திருப்பி அப்பாவைக் குறிவைத்து, ஸ்டாண்டை முன்பக்கமாக நகர்த்தினேன். இருவருக்கும் 1.5 மீட்டர். அப்பாவின் மூக்குக்கண்ணாடியில் குடை பிரதிபலித்தது. ஸ்டாண்டை ஓர் அடி உயர்த்தினதும் போய்விட்டது.

அடுத்த நிமிடம் ஒரு காற்று. குடை பாராசூட் மாதிரி தூக்க, ஸ்டாண்ட் தரையில். ஃபிளாஷ் பிழைத்தது, குடைக் கம்பி இரண்டு வளைந்தது. ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை ஸ்டாண்டின் காலில் கட்டித்தான் மீதியை எடுத்தோம். வெளியில் குடை விரிக்கிறவர்கள் மணல் பையோ தண்ணீர் கேனோ இல்லாமல் போகாதீர்கள். இல்லாவிட்டால் ஸ்டாண்டைப் பிடித்துக்கொள்ள ஒரு நண்பர் வேண்டும்.

வெள்ளையாக்குவது ஃபிளாஷின் வேலை இல்லை

அந்த முழு பவர் படத்தைப் பார்த்துவிட்டு அப்பா, "பரவால்லையே, கலராத் தெரியுறேன்" என்றார். சிரித்தோம். ஆனால் படத்தில் அவர் முகம் ஒரு நிறம், கை இன்னொரு நிறம்.

இந்தப் படத்தை நீங்கள் எல்லாக் கல்யாண ஆல்பத்திலும் பார்த்திருப்பீர்கள். முகத்தில் மட்டும் வெளிச்சத்தைக் கொட்டி, மிச்சத்தை எடிட்டிங்கில் தேய்த்து, மாநிறப் பெண்ணைச் சந்தன நிறமாக்கி, கறுப்பு நிறப் பையனைக் கோதுமை நிறமாக்கித் தருவது இங்கே ஒரு சேவையாகவே நடக்கிறது. என் நெருங்கிய உறவினர் ஒருவரின் திருமண ஆல்பத்தில் அவரையே அடையாளம் தெரியவில்லை. பணம் கொடுத்து வாங்கிய படத்தில் அவர் இல்லை.

தொழில்நுட்பமும் இதில் அப்பாவி கிடையாது. கோடாக் நிறுவனம் கலர் பிரிண்டுகளின் நிறத்தைச் சரிபார்க்க லேபுகளுக்கு அனுப்பிய 'ஷர்லி கார்டு'களில் பல பத்தாண்டுகள் இருந்தது வெள்ளைத் தோல் பெண்கள். சரியான தோல் நிறம் என்றால் அதுதான் என்று மெஷின்கள் பழக்கப்பட்டன.

கறுத்த தோலுக்கு நிறைய வெளிச்சம் வேண்டும் என்பது பாதி உண்மை. வேண்டியது பெரிய பரப்பில் இருந்து, பக்கவாட்டில் வரும் வெளிச்சம். கறுத்த தோலின் உருவத்தைக் காட்டுவதில் அதன் மேல் விழும் மினுமினுப்புக்குப் பெரிய பங்கு உண்டு. சின்ன ஃபிளாஷ் நேராக அடித்தால் அந்த மினுமினுப்பு நெற்றியில் எண்ணெய்ப் புள்ளியாகிவிடும். பெரிய குடையில் இருந்து வந்தால் கன்னத்தில் மெதுவாக இறங்கும். அளவு சரியா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை எளிது: கழுத்தையும் முகத்தையும் ஒப்பிடுங்கள். முகம் மட்டும் ஒரு நிறம் ஏறியிருந்தால் பவரைக் குறையுங்கள். மாடியில் 1/2 பவரில் நிறுத்தினேன். அப்பா அப்பாவாக இருந்தார்.

சூரியன் இறங்கும்போது

மாலையில் ஃபிளாஷுக்கு வேலை சுலபம், கணக்கு மட்டும் மாறும். மும்பை மரைன் டிரைவில் கடலுக்கு முதுகு காட்டி ஒருவரை நிற்க வையுங்கள். வானம் ஆரஞ்சு, ஆள் நிழலுருவம். ஐஎஸ்ஓ 200, எஃப்/4, 1/200இல் தொடங்கி, குடையோடு ஃபிளாஷை 1.5 மீட்டரில் 1/16 பவரில் வைத்தால் போதும். வானம் இருட்ட இருட்ட 1/100, 1/50 என்று ஷட்டரை மட்டும் இறக்கிக்கொண்டே வரலாம். ஃபிளாஷைத் தொட வேண்டியதில்லை.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தும். ஃபிளாஷின் நிறம் நண்பகல் வெயிலுடையது, சுமார் 5500 கெல்வின். பின்னால் ஆரஞ்சு வானம், முன்னால் நீலம் கலந்த முகம் என்றால் ஆளை வெட்டி ஒட்டியது போல இருக்கும். சிடிஓ என்ற ஆரஞ்சு ஜெல் தாளை ஃபிளாஷ் மேல் ஒட்டினால் சரியாகும். நான் பாதி அடர்த்தி உள்ள ஜெல்தான் பயன்படுத்துகிறேன்.

என்ன வாங்கலாம்?

பால்டிமோர் சன் நாளிதழின் போட்டோகிராபராக இருந்த டேவிட் ஹாபி, 2006இல் 'ஸ்ட்ரோபிஸ்ட்' என்ற தளத்தைத் தொடங்கி, ஸ்டூடியோ விளக்குகள் இல்லாமல் சின்ன ஃபிளாஷ்களை வைத்தே இதையெல்லாம் செய்யலாம் என்று இலவசமாகச் சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்க அமெச்சூர்கள் ஃபிளாஷைக் கேமராவில் இருந்து கழற்றினார்கள். இன்று சில ஆயிரம் ரூபாய்க்கே ஒரு மேனுவல் ஸ்பீட்லைட் கிடைக்கும். புது லென்ஸ் வாங்க யோசித்துக்கொண்டிருந்தால், அதற்கு முன் இதை வாங்குங்கள் என்பேன்.

நட்ட நடு வெயிலில், முழு உருவத்தையும் தூரத்தில் இருந்து எடுக்க வேண்டும் என்றால் ஸ்பீட்லைட் போதாது. அதன் சக்தி தோராயமாக 75 வாட்-செகண்ட் என்று வைத்தால், 600 வாட்-செகண்ட் ஸ்ட்ரோப் எட்டு மடங்கு, மூன்று ஸ்டாப். வருடத்தில் இரண்டு தடவை தேவைப்படும் பொருளை வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். டெல்லியில் சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரி கேமரா மார்க்கெட்டில் விசாரிக்கலாம். மற்ற பெருநகரங்களிலும் வாடகைக் கடைகள் இருக்கின்றன.

போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் இந்த ஃபிளாஷ் எதுவும் உதவாது. போன் கேமராவோடு அது சிங்க் ஆகாது, போனின் எல்இடி வெயிலில் தெரியவே தெரியாது. நிழலுக்குப் போங்கள், அல்லது ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையை முகத்துக்குக் கீழே பிடித்து வெயிலைத் திருப்பி விடுங்கள்.

விமானத்தில் கொண்டுபோகிறவர்களுக்கு: கூடுதல் லித்தியம் பேட்டரிகளைச் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது, கையோடு கேபினுக்குள்தான். 100 வாட்-ஹவர் வரை பொதுவாகப் பிரச்சினை இல்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. பெரிய ஸ்ட்ரோப் என்றால் பேட்டரியின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை டிக்கெட் போடும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.